ஒன்று நின்றால் இன்னொன்று

நெய்யாற்றின்கரையில் பிறந்த பத்திரிகையாளர் ராமகிருஷ்ண பிள்ளை இழந்தது பல. எழுதுவதை மட்டும் விடவில்லை

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது, தமிழ் முடிவதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் இரண்டு மொழிகளும் கலந்தே காதில் விழுகின்றன. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கியது. 1878-ல் அங்கே பிறந்த ஒருவரை எல்லைக்கு இந்தப் பக்கம் பலருக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை என்றால் கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பத்திரிகை தொடங்குவது எளிது. முதல் இதழுக்கு நண்பர்கள் கைதட்டுவார்கள். பத்தாவது இதழுக்குள் காகிதக் கடன், சந்தா பாக்கி, வீட்டில் முணுமுணுப்பு எல்லாம் வந்து சேரும். பிள்ளைக்கு வீட்டு எதிர்ப்பு முதலிலேயே வந்துவிட்டது. பத்திரிகைப் பைத்தியம் பிடிக்காத தாய்மாமனின் வீட்டிலிருந்து அவர் வெளியேற நேர்ந்தது. 'கேரள தர்ப்பணம்', 'கேரள பஞ்சிகா', கொல்லத்தில் 'மலையாளி' என்று ஒவ்வொன்றாக ஆசிரியர் நாற்காலிகள் மாறின. எதிலும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஊர் திரும்பியவர் 'கேரளன்' என்று சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கினார்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஏற்ற துணை 1906-ல் கிடைத்தது. வக்கம் அப்துல் காதர் மௌலவி முந்தைய ஆண்டு ஜனவரியில் அஞ்சுதெங்கில் 'சுதேசாபிமானி'யைத் தொடங்கியிருந்தார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்தார். ராய்ட்டர் செய்திகளுக்கும் ஏற்பாடு செய்தார். பிள்ளையை ஆசிரியராக்கிய பின் எழுத்தில் தலையிடவில்லை. என்னைக் கேட்டால், பிள்ளையின் துணிச்சலுக்குச் சமமாகப் பேசப்பட வேண்டியது இந்த முதலாளியின் பொறுமை. பணம் போட்டவர் பேனாவைப் பிடுங்காமல் இருப்பது அன்றும் அபூர்வம்தான்.

1907-ல் பத்திரிகை திருவனந்தபுரத்துக்கு, அதாவது அரசாங்கத்தின் வாசலுக்கே, குடிபெயர்ந்தது. திவான் பி. ராஜகோபாலாச்சாரி நிர்வாகத்தின் ஊழலையும் அரண்மனைச் செல்லப்பிள்ளைகளின் ஆட்டத்தையும் பிள்ளை வாராவாரம் கிழித்தார். சில நேரம் அளவுக்கு மீறிய சூடு இருந்ததென்று சொல்பவர்களும் உண்டு. பதில் 1910 செப்டம்பர் 26-ல் வந்தது. மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளின் ஆணைப்படி அச்சகம் பறிமுதல், ஆசிரியர் நாடுகடத்தல். ஆரல்வாய்மொழி எல்லை தாண்டித் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். திருவனந்தபுரத்திலிருந்து அந்த எல்லைக்குப் போகும் சாலை நெய்யாற்றின்கரை வழியாகவே போகிறது.

புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த பாரதியின் 'இந்தியா'வும் அதே ஆண்டில்தான் நின்றது.

வேறொருவராக இருந்தால் மன்னிப்புக் கடிதம் எழுதியிருப்பார். பிள்ளை புத்தகம் எழுதினார். நாடுகடத்தப்பட்ட கதையை 1911-ல் வெளியிட்டார். 1912-ல் பத்திரிகைத் தொழிலைக் கற்றுத்தரும் 'விருத்தாந்த பத்ர பிரவர்த்தனம்' வந்தது. அதே ஆண்டில் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றையும் மலையாளத்தில் எழுதினார். 'ஆத்மபோஷிணி' இதழின் ஆசிரியராகவும் கொஞ்ச காலம் இருந்தார். சென்னை, பாலக்காடு என்று ஊர் ஊராக அலைந்த குடும்பம் கடைசியில் கண்ணூரில் தங்கியது. மனைவி பி. கல்யாணி அம்மாவுக்கு அங்கே ஆசிரியை வேலை. அவரும் இதழாளர்தான், 1904-ல் தொடங்கிய பெண்கள் பத்திரிகை 'சாரதா'வின் ஆசிரியர்களில் ஒருவர். காசநோய் முற்றி 1916 மார்ச் 28-ல் பிள்ளை இறந்தபோது வயது 37. திருவிதாங்கூர் மண்ணை அவர் மறுபடி மிதிக்கவில்லை. பையாம்பலம் கடற்கரையில் அடக்கம் செய்தார்கள். தங்கள் பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கையைக் கல்யாணி அம்மா 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்று புத்தகமாக எழுதினார்.

அச்சகத்தை இழந்த மௌலவியும் ஓய்ந்துவிடவில்லை. 1918-ல் 'அல் இஸ்லாம்', 1931-ல் 'தீபிகா' என்று மறுபடி மறுபடி தொடங்கினார். 1932-ல் காலமானார். பறிமுதலான அந்த இயந்திரம் பல ஆண்டுகள் கழித்து அவருடைய குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது, ஈ.எம்.எஸ். முதல்வராக இருந்த காலத்தில்.