கேட்கும் செவி

டொராண்டோ நகரின் மேற்குப் பகுதியில், ஹம்பர் ஆற்றின் கரையில், ரேமோர் பூங்கா என்ற விசாலமான புல்வெளி ஒன்று இருக்கிறது. மாலை நேரத்தில் அங்கே உலாவ வருகிறவர்கள், ஆற்றோரத்தில் பாலமில்லாமல் தனித்து நிற்கும் ஒரு பழைய பாலத்தின் தாங்குசுவரைக் காணலாம். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி இரவு, ஹேஸல் என்னும் சூறாவளி கொணர்ந்த பெருமழையில் ஹம்பர் கரைபுரண்டபோது, அந்தச் சிறு நடைபாலம் ஒரு கரையிலிருந்து பிய்ந்து திரும்பி, பாய்ந்து வந்த வெள்ளத்தை அருகிலிருந்த ரேமோர் தெருவின் மேலேயே திருப்பிவிட்டது. வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்து போயின. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 உயிர்கள் மடிந்தன. டொராண்டோவிலும் சுற்றுப்புறங்களிலும் மாண்டவர்கள் மொத்தம் 81 பேர்.

இதில் நெஞ்சை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. புயல் வருகிறதென்று வானிலை நிலையத்தார் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஆனால் கடலுக்கு வெகுதூரத்தில் வாழ்ந்து, சூறாவளி என்பதைப் பத்திரிகையில் மட்டுமே படித்தறிந்திருந்த ஜனங்களுக்கு, அந்த அறிவிப்பு தங்கள் வாசற்படியைப் பற்றியது என்று தோன்றவில்லை. எந்தத் தெருவார் எப்போது எங்கே போக வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை. அந்தத் துயரம் கற்பித்த பாடத்தால், 1957இல் நதிப் பள்ளத்தாக்குகளைக் காக்கும் பொது ஸ்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது; வெள்ளம் பாயக்கூடிய நிலங்கள் வாங்கப்பட்டுப் பூங்காக்களாயின. இன்று மழை கனக்கும்போதெல்லாம் ஆறுகளின் நீர்மட்டத்தைக் கவனித்து நகராட்சிகளுக்கும் மக்களுக்கும் எச்சரிக்கை விடுப்பது அதே ஸ்தாபனந்தான்.

காணும் கண்ணும் சொல்லும் வாயும் இருந்தும், கேட்கும் செவி இல்லாவிட்டால் எச்சரிக்கை பயன்படாது என்ற இந்த உண்மையை, அரை நூற்றாண்டுக்குப் பின் டொராண்டோ மறுபடியும் கற்க நேர்ந்தது. இம்முறை வந்தது வெள்ளமன்று, நோய். 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹாங்காங் சென்று திரும்பிய மூதாட்டி ஒருவர் மார்ச் 5ஆம் தேதி காலமானார். அவருடைய மகன் மூச்சுத் திணறலோடு, நம் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோவில் உள்ள கிரேஸ் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில், மற்ற நோயாளிகளுக்கு நடுவே பல மணி நேரம் கிடந்தார். என்ன நோய் என்று எவருக்கும் தெரியாத அந்த மணிகளில் சார்ஸ் என்னும் சுவாச நோய் நகரத்துக்குள் புகுந்துவிட்டது. அது அடங்குவதற்குள் கனடாவில் 44 பேர் மாண்டனர். அவர்களில் நோயாளிகளைப் பேணிய இரு தாதியரும் ஒரு மருத்துவரும் அடக்கம்.

நோய் ஓய்ந்துவிட்டது என்று கருதி, மே மாத நடுவில் நெருக்கடி நிலையை அரசாங்கம் விலக்கிக்கொண்டது. அப்போதும் நார்த் யார்க் பொது ஆஸ்பத்திரியின் தாதியர் சிலர், நோயாளிகளிடம் விளக்கம் காணாத நிமோனியா தென்படுகிறதே, இது மறுபடியும் சார்ஸ் அல்லவா என்று கேட்டார்கள். அவர்களுடைய ஐயத்துக்குத் தக்க மதிப்புக் கிடைக்கவில்லை. சில தினங்களில் இரண்டாம் அலை எழுந்தது. இவற்றையெல்லாம் விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல், 2007இல் வெளியான தம் இறுதி அறிக்கையில் முக்கியமாக வற்புறுத்தியது, அபாயம் விஞ்ஞான ரீதியாகச் சந்தேகமற நிரூபணமாகும் வரை பாதுகாப்பைத் தள்ளிப்போடலாகாது என்பதே.

அந்த நாட்களை நேரில் கண்ட மருத்துவர்களுள் ஒருவர், நகர நடுவிலுள்ள செயின்ட் மைக்கேல்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தொற்றுநோய் நிபுணர் கம்ரான் கான். நோய் நடந்து வருவதில்லை, விமானத்தில் பறந்து வருகிறது. ஆகவே பிரயாணிகளின் பாதையை அறிந்தால் நோயின் பாதையையும் அறியலாம் என்பது அவர் கண்ட தத்துவம். அவர் 2013இல் தொடங்கிய புளூடாட் நிறுவனம், பல மொழிகளில் வெளியாகும் செய்திகளையும் கால்நடை நோய் அறிக்கைகளையும் கம்ப்யூட்டரைக் கொண்டு இரவும் பகலும் சலித்தெடுத்து, விமானப் பயணச்சீட்டு விவரங்களோடு ஒப்பிட்டு, மருத்துவர்களின் ஆராய்ச்சிக்கு வைக்கிறது. 2019 டிசம்பர் 31ஆம் தேதி, உஹான் நகரச் சந்தையைச் சுற்றி இனந்தெரியாத நிமோனியா பரவுவதை அது தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. உஹானிலிருந்து நோய் பரவக்கூடிய நகரங்களில் பாங்காக்கை அவர்கள் முதன்மையாகக் கணித்தார்கள்; சீனத்துக்கு வெளியே முதல் நோயாளி தாய்லாந்தில் இருப்பதாக ஜனவரி 13இல் உலகம் அறிந்தது.

அதே கனடாவில், அரசாங்கத்தின் கையில், இதைவிடப் பழைய கருவி ஒன்றும் இருந்தது. 1997இல் உருவான உலகளாவிய பொதுச் சுகாதாரத் தகவல் வலையமைப்பு, 2002 நவம்பரிலேயே தென் சீனத்தில் பரவிய, பின்னாளில் சார்ஸ் என்று அறியப்பட்ட விசித்திரமான காய்ச்சலைப் பற்றிய செய்தியைக் கண்டெடுத்த பெருமை உடையது. ஆனால் கோவிட் வந்தபோது, அந்த அமைப்பிலிருந்து புதிய வைரஸைக் குறித்து ஓர் எச்சரிக்கைகூட வெளிவரவில்லை என்று 2021இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் எழுதினார். கண் பழுதுபடவில்லை; வாயை அலட்சியம் கட்டிப்போட்டிருந்தது.

ஆறுதல் தரும் செய்தியும் அதே செயின்ட் மைக்கேல்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது. 2020 முதல் அங்கே பொது மருத்துவப் பிரிவில் சார்ட்வாட்ச் என்னும் கம்ப்யூட்டர் ஏற்பாடு இயங்குகிறது. நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை முடிவுகள் முதலிய சுமார் நூறு விவரங்களை மணிக்கொருமுறை கணித்து, நிலைமை மோசமாகக்கூடிய நோயாளியைப் பற்றி மருத்துவருக்கும் தாதியருக்கும் அது செய்தி அனுப்புகிறது. மருத்துவர் அமோல் வர்மாவும் அவருடைய சகாக்களும் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தப் பிரிவில் எதிர்பாராத மரணங்கள் சுமார் 26 சதவீதம் குறைந்தன. இயந்திரம் ஒருவரையும் குணப்படுத்தவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. அது கூப்பிட்டது, கூப்பிட்ட குரலுக்கு ஒரு தாதி எழுந்து கட்டிலருகே போனாள், உயிர் பிழைத்தது அதனால்தான்.

இந்த உண்மை கண்காணாத தேசத்துக்கு மட்டும் உரியதன்று. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை, இந்துமகா சமுத்திரத்தில் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு ஏதுமில்லாத அந்த வேளையில், புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலையிலிருந்த அவ்வூர் இளைஞர், செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் வீட்டாரை எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய அறிவு மையத்தின் ஒலிபெருக்கி, அன்றாடம் அலைகளின் உயரத்தையும் மீன் விலையையும் சொல்லிவந்த அதே ஒலிபெருக்கி, ஊரை விட்டு ஓடுங்கள் என்று கூவியது. தினமும் கேட்டுப் பழகிய குரலாகையால் ஜனங்கள் நம்பினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கடமையைச் செவ்வனே செய்துவருகிறார்கள். மிச்சமிருப்பது நம் கடமை. எச்சரிக்கைச் செய்தி கைபேசியில் ஒலிக்கும்போது எரிச்சலோடு அணைத்துவிடாமல், ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். மொழி தெரியாத அண்டை வீட்டுப் பாட்டிக்கு அதைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். பத்து முறை பொய்த்த அறிவிப்பே பதினோராம் முறை மெய்யாகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.