விளக்கு மங்கினால் நரம்பு பேசுகிறது!

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் வண்டிக்காகக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். சென்ற முறை என் பக்கத்தில் ஒரு தாய், ஏழெட்டு வயதுப் பையனோடு உட்கார்ந்திருந்தாள். பையனுக்கு வலிப்பு. வேலூரில் தலையில் ஒயர்களை ஒட்டிப் பரீட்சை செய்யப் போகிறார்களாம்.

"மூளைக்குள்ளே என்ன நடக்குதுன்னு அதிலே தெரிஞ்சுடுமாக்கா?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேகப் சாண்டி 1949-லேயே நரம்பியல் பிரிவைத் தொடங்கிவிட்டார். ஒயர் ஒட்டும் பரீட்சைக்கு இ.இ.ஜி. என்று பெயர். அது லட்சக்கணக்கான நரம்பணுக்களின் கூட்டு இரைச்சலைக் கேட்கிறது; ஸ்டேஷனுக்கு வெளியே நின்று கூட்டத்தின் சத்தத்தைக் கேட்பது போலத்தான். வைத்தியத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் எந்த அணு என்ன சொன்னது என்று அதில் பிரித்தறிய முடியாது.

ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு குட்டி பாட்டரி. ஜங்ஷனில் ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். இந்தப் பாட்டரியிலோ 70 மில்லிவோல்ட்தான்! செய்தி அனுப்பும்போது, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், சுமார் 100 மில்லிவோல்ட் ஏறி இறங்கிவிடும். இதை அளக்க, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயை அணுவுக்குள் செருக வேண்டியிருந்தது.

குத்தாமல் பார்க்க வழி கடலிலிருந்து வந்தது. ஒருவகை ஜெல்லி மீனில், நீல ஒளி பட்டால் பச்சையாக மின்னும் புரதம் ஒன்று உண்டு. 1962-ல் அதைப் பற்றி எழுதிய ஒஸாமு ஷிமோமுராவுக்கு, வேறு இருவருடன் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. கடற்பீச்சி என்ற இன்னொரு பிராணியிடம், வோல்ட் மாறினால் அசைந்து கொடுக்கும் புரதம் இருக்கிறது. இரண்டையும் ஜோடி சேர்த்து, அதற்கான மரபணுவை நரம்பணுவுக்குள் வைத்துவிட்டால், அணு தன் விளக்கைத் தானே செய்துகொள்ளும்!

2012-ல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையினர் வெளியிட்ட 'ஆர்க்லைட்' இப்படிப்பட்டதே. பச்சைப் புரதத்தில் தற்செயலாக ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போனதில் பிறந்த அதிர்ஷ்டம் அது. 100 மில்லிவோல்ட் ஏறினால் வெளிச்சம் சுமார் 35 சதவிகிதம் குறைகிறது. கிரைண்டரைப் போட்டதும் கூடத்து பல்பு மங்குகிறதே, அதே மாதிரி. மங்கினால் அணு பேசுகிறது என்று அர்த்தம்.

தொல்லை இல்லாமலில்லை. வெளிச்சமோ சொற்பம், மாற்றமோ கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் ஆடி வைத்து நட்சத்திர ஒளியைச் சேகரிக்கிறார்கள். நட்சத்திரத்துக்காக நிமிஷக்கணக்கில் காத்திருக்கலாம். நரம்பு காத்திருக்குமா? விநாடிக்கு ஆயிரம் படம் வரை எடுக்க வேண்டியிருக்கிறது.

மரபணுவை உள்ளே வைக்கவேண்டும் என்பதால், ஈ, மீன், சுண்டெலி என்று பிராணிகளிடம்தான் இந்த ஆராய்ச்சி. அந்தப் பையனுக்கு ஒயர்தான்.

வண்டி வந்தது. "தலையிலே எண்ணெய் வைக்கக் கூடாதுன்னுட்டாங்கக்கா. பாருங்க, பரட்டையா நிக்குது" என்று பையனின் மயிரைக் கையால் படிய வைத்துக்கொண்டே ஏறினாள்.