கூட்டைப் பார்த்தால் குளவி தெரியும்

காப்பார் பக்கம் நிலமெல்லாம் கடலோரக் களிமண். ரப்பரும் தென்னையும் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையிலும் பாதி போய்த் தாமான் வீடுகள் வந்தன. மண் மட்டும் மாறவில்லை. மழை விட்டதும் கால்வாய் ஓரத்தில் ஈரச்சேறு கிடைக்கிறது, கார் நிறுத்தும் முகப்பில் நனையாத சுவர் இருக்கிறது. குளவிக்கு வேறென்ன வேண்டும்? மின்மீட்டர் பெட்டி, சன்னல் சட்டம், சாமி மேடைக்குப் பின்சுவர், நாள்கணக்கில் எடுக்காத ஹெல்மெட் என்று கிடைத்த இடத்தில் கட்டிவிடும்.

கண்டதும் எல்லாரும் கேட்பது, “இது தெபுவானா?” என்றுதான். குளவியை நெருங்காமலே இதற்குப் பதில் சொல்லலாம். கூடு மண்ணால் ஆனதென்றால் அது தெபுவான் அல்ல. தெபுவான் மரநாரை மென்று காகிதக் கூடு கட்டும். உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும். கூட்டை அசைத்தால் படையாகக் கிளம்பும். கறுப்பு உடலில், வயிற்றின் முன்பக்கம் மட்டும் ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும் வெஸ்பா அஃபினிஸ் என்ற தெபுவான் கொட்டி மலேசியாவில் உயிர் போனவர்கள் உண்டு. அந்தக் கூட்டைக் கண்டால் தடியைத் தேடாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியோ தனிக்கட்டை. ஒரே ஒரு பெண் குளவி கட்டுகிறது, வேட்டையாடுகிறது, முட்டையிடுகிறது. காவலுக்கு ஆள் கிடையாது. கையில் பிடித்து அழுத்தினால் கொட்டும். கூட்டுக்காக உங்களைத் துரத்திக்கொண்டு வராது.

இனி எந்தக் குளவி என்று பார்ப்போம். உள்ளங்கை அளவில், உருவமே இல்லாமல் மண்ணை அள்ளி அப்பியதுபோல் இருந்தால் அது பெரும்பாலும் சேற்றுக் குளவி, ஸ்கெலிஃப்ரான். கறுப்பு உடல், மஞ்சள் கால், நூலாக நீண்ட இடுப்பு. இதில் ஓர் இனத்துக்கு 1781-இல் டென்மார்க் அறிஞர் ஃபாப்ரீசியஸ் மதராஸின் பெயரை வைத்தார்: மதராஸ்பட்டானம். அப்பிய மண்ணுக்குள் அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அறையிலும் சிலந்திகளை அடைத்து, ஒன்றின்மேல் முட்டையிட்டு வாயை மூடிவிடும். சிலந்திகள் செத்தவை அல்ல; கொட்டி முடக்கப்பட்டவை. அதனால்தான் புழு தின்று முடிக்கும்வரை கெடாமல் இருக்கின்றன.

குறுகிய கழுத்தும் விரிந்த வாயுமாகக் குட்டிக் குடம்போல இருந்தால் அது குயவக் குளவி. இது நீரை வயிற்றில் கொண்டுவந்து காய்ந்த மண்ணை நனைத்துப் பிசையும். உட்காரும்போது சிறகை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும். சேற்றுக் குளவி அப்படி மடிக்காது. முட்டையை உட்கூரையிலிருந்து ஓர் இழையில் தொங்கவிட்ட பிறகே இரை தேடிப் போகும். இதன் இரை சிலந்தி அல்ல, கம்பளிப்புழு வகைகள். வீட்டோரத்தில் கீரை போட்டிருப்பவர்கள் இதை விரட்டக் கூடாது என்பது என் கட்சி.

புழு உள்ளே போய்க் குளவி வெளியே வருவதைப் பார்த்துத்தான், குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன்னைப்போல ஆக்கிவிடுகிறது என்று நம் முன்னோர் சொன்னார்கள். அவர்கள் கண்டதில் தவறில்லை. நடுவில் இருந்த முட்டைதான் கண்ணில் படவில்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று சொல்லும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையால் பல கூடுகள் பிழைத்திருக்கின்றன.

சாவித் துளையோ ஆணித் துளையோ மண்ணால் அடைபட்டிருந்தால் டிரிபாக்சிலான், ரிங்கியம் போன்றவற்றின் வேலை. சிறிய பீப்பாய்களை அடுக்கியதுபோல் இருந்தால் ஆப்லோபஸ். அறைக்கு ஒரே சிலந்தி, அதுவும் காலை நறுக்கிக் கொண்டுவந்தது. பச்சையும் நீலமுமாக உலோகம்போல் மின்னும் ஸ்டில்பம் கூடே கட்டாது. பிறர் கட்டிய மண்ணைத் துளைத்துத் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும்.

இத்தனை நேர்த்தியாகக் கட்டும் குளவிக்கு யோசனை இருக்கிறதா? பிரெஞ்சு அறிஞர் ஃபாபர் சேற்றுக் குளவியின் கூட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் காத்திருந்தார். குளவி திரும்பி வந்து, கூடு இருந்த வெறும் சுவரில் மேல்பூச்சைப் பூசிக்கொண்டே இருந்தது.

இந்த மண் வீட்டில் அழுக்கு, விமானத்தில் ஆபத்து. 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசுக் கடலில் பிர்கன்ஏர் விமானம் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயைக் குளவிக் கூடு அடைத்திருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சந்தேகித்தார்கள். பிரிஸ்பேன் விமான நிலையத்தில் இதே தொல்லை இருப்பதால், நிற்கும் விமானங்களின் குழாய்களுக்கு உறை போடுவார்கள். 2018 ஜூலையில் கோலாலம்பூருக்குக் கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அந்த உறைகளைக் கழற்றாமலே மேலேறிவிட்டது. வேகம் காட்டாத நிலையில் விமானிகள் அதைப் பத்திரமாகத் திருப்பி இறக்கினார்கள்.

உங்கள் சுவர்க் கூட்டில் வட்டமான துளை தெரிந்தால் குளவி வளர்ந்து போய்விட்டது என்று பொருள். துளை இல்லையென்றால் சில வாரம் பொறுங்கள். காலியானதும் தண்ணீர் தெளித்துத் தகடால் சுரண்டினால் வந்துவிடும். சுரண்டாமல் விட்டால் கலீபியான் என்ற நீலக் குளவி பழைய அறைகளிலேயே குடியேறக்கூடும்.