உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானில் முதல் நாள்

ஜப்பானுக்கு முதன்முறை சுற்றுலா செல்பவர்களுக்கு, விமானத்தை விட்டு இறங்கியதுமே வியப்பு தொடங்கிவிடும். அந்த வியப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அதையும் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது மனதில் தங்கும்.

★ ஒசாகா பக்கம் போகிறவர்கள் இறங்கும் கன்சாய் விமான நிலையம், கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவின் மேல் நிற்கிறது. 1994-ல் திறந்தார்கள். கடற்பாலம் வழியாக ஊருக்குள் போகலாம்.

★ 16 வயது நிரம்பிய வெளிநாட்டுப் பயணிகளிடம் குடிநுழைவு மேசையிலேயே விரல் ரேகையும் முகப்படமும் எடுத்துக்கொள்கிறார்கள். 2007 நவம்பரில் வந்த நடைமுறை இது. சுற்றுலாப் பயணி எங்கே போனாலும் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

★ ஜப்பான் நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி முந்தியது. ஜூன் மாதத்தில் டோக்கியோவில் காலை நாலரை மணிக்கெல்லாம் பொழுது விடிந்துவிடும்.

★ டாக்ஸியின் பின்கதவைத் தொடாதீர்கள். ஓட்டுநரே தன் இருக்கையில் இருந்தபடி திறப்பார், மூடுவார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டிப் பரவிய வசதி இது. இறங்கும்போது டிப்ஸ் தர வேண்டாம். அந்த வழக்கம் அங்கே இல்லை.

★ கடையில் பணத்தைக் கையில் நீட்டுவதைவிட, கல்லாவில் இருக்கும் சிறு தட்டில் வைப்பதே வழக்கம். மீதியில் நடுவில் ஓட்டை போட்ட நாணயங்கள் வந்தால் திகைக்க வேண்டாம். 5 யென், 50 யென் நாணயங்கள் அப்படித்தான் இருக்கும்.

★ அறைக்குப் போய் செல்போனுக்கு சார்ஜ் போட்டால், நம் பிளக் சுவரில் நுழையாது. அங்கே இரண்டு தட்டைக் கம்பிகள்தான். மின்னழுத்தமும் 100 வோல்ட்தான். இன்னொரு விசித்திரமும் உண்டு. நாட்டின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ். 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு இது. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மேற்கிலிருந்து போதுமான அளவு அனுப்ப முடியாமல் போனதற்கு இந்த வேறுபாடும் ஒரு முக்கியக் காரணம்.

★ தெரு பளிச்சென்று இருக்கும். ஆனால் குப்பைத்தொட்டி கண்ணில் படுவது அரிது. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சு வாயுத் தாக்குதல் நடந்த பிறகு, பாதுகாப்பு கருதிப் பொது இடங்களில் பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். மக்கள் தங்கள் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். நீங்களும் ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

★ எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாக்காரர்கள் வலப்பக்கம். மற்றப் பக்கம் அவசரமாகப் போகிறவர்களுக்கு. விழுந்து அடிபடுவதைத் தடுக்க, எஸ்கலேட்டரில் நடக்காமல் நின்றுதான் போக வேண்டும் என்று சைதாமா மாகாணம் 2021-ல் விதியே கொண்டுவந்தது.

★ ஷின்கான்சென் அதிவேக ரயில் 1964 அக்டோபர் 1-ல் ஓடத் தொடங்கியது. ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது. தடம் புரண்டோ மோதியோ இந்த ரயிலில் ஒரு பயணிகூட இன்றுவரை இறந்ததில்லை. டோக்கியோ நிலையத்தில் வந்து நிற்கும் ரயிலை ஏழே நிமிடத்தில் முழுக்கச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறார்கள்.

★ பொருள் எதையாவது தொலைத்தால், ‘கோபான்’ என்ற தெருமுனைக் காவல் சாவடிக்குப் போங்கள். கண்டெடுத்துக் கொடுத்தவருக்குப் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கும் உரிமை உண்டு. மூன்று மாதத்தில் உரியவர் தெரியவராவிட்டால், பெரும்பாலான பொருட்கள் கண்டெடுத்தவருக்கே சொந்தம்.

★ மாலையில் பல ஊர்களில் ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிசை கேட்கும். பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டிய நேரம் என்று அது சொல்கிறது. நிலநடுக்கம், சுனாமி என்றால் எச்சரிக்க வேண்டிய கருவி சரியாக வேலை செய்கிறதா என்று நாள்தோறும் சோதிப்பதும் அதுவே.

★ நடைபாதையிலும் ரயில் மேடையிலும் மஞ்சள் பட்டை ஓடுவதைக் கவனியுங்கள். பார்வை குறைந்துகொண்டே வந்த நண்பருக்காக, செயிச்சி மியாகே என்பவர் 1965-ல் உருவாக்கிய கல் இது. கோடு கோடாக மேடு இருந்தால் நேரே நடக்கலாம். புள்ளி புள்ளியாக இருந்தால் நின்று கவனிக்க வேண்டும். காலும் கைத்தடியும் அதைப் படித்துவிடும். 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தார்கள். இன்று உலகமெங்கும் பரவி, நம் சென்னை மெட்ரோ நிலையங்களுக்கும் வந்துவிட்டது. ஜப்பானோ சென்னையோ, அந்த மஞ்சள் பட்டைமேல் பெட்டியை வைக்காதீர்கள், வழிமறித்து நிற்காதீர்கள். அது ஒருவரின் பாதை.