கல்விக் கட்டளை: தொடர்ந்து காக்க வேண்டிய தர்மம்

தென்மேற்குப் பருவக்காற்று மலையின் கணவாய்களைக் கடந்து வீசத் தொடங்கும் ஜூன் மாதத்தில் திருக்குற்றாலத்தில் சாரல் பொழிகிறது. பேரருவியில் நீராடிக் குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் தரிசித்து, அங்கிருந்து தென்காசி சென்று காசி விசுவநாதரையும் உலகம்மையையும் வணங்கி வருவதற்காக அன்பர்கள் திரள்திரளாக வந்து சேரும் காலம் அது.

அதே ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடங்களும் திறக்கின்றன. யாத்திரை வரும் நமக்குச் சாரல் காலம் மனம் குளிரும் காலம். ஆனால் கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம் வட்டாரத்து வீடுகளில் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய்மார்களுக்கோ அது பள்ளிக் கட்டணத்தை எண்ணிக் கலங்கும் காலம். நன்றாகப் படிக்கும் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போவானா, வேலைக்குப் போவானா என்பது பல வீடுகளில் இந்தச் சில வாரங்களில்தான் முடிவாகிறது. அந்த முடிவு நல்லதாக அமைவதற்குக் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் செய்யக்கூடிய கைங்கரியம் எது, அதை எவ்வாறு செய்தால் பலன் நிலைக்கும் என்று சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயிலும் கல்வியும்

வித்யாதானம் நமக்குப் புதிதன்று. பொதிகைமலைச் சாரலை உள்ளடக்கிய ஆய் நாட்டை 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் திருமாலுக்குக் கோயில் எடுத்தான். அக்கோயிலுடன் 95 மாணவர்கள் உண்டு உறைந்து கற்பதற்குச் சாலை ஒன்றையும் நிறுவினான் என்று அவனுடைய செப்பேடு கூறுகிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்களையும் 14 ஆசிரியர்களையும் கொண்ட கல்லூரி ஒன்று கோயிலைச் சார்ந்து நடந்ததைத் தெரிவிக்கிறது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாக நிலம் விடப்பட்டிருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்னோர் ஒரு நாள் அள்ளிக் கொடுத்துவிட்டு நகரவில்லை. விளையும் நிலத்தைக் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் அதன் வருவாய் வந்துகொண்டே இருந்தது. கொடுத்தவர் மறைந்த பிறகும் மாணவனுக்கு நெல் அளக்கப்பட்டது. நம் கோயில் வழக்கில் இதற்குக் ‘கட்டளை’ என்று பெயர். அன்று அந்தக் கல்வி எல்லாக் குலத்தாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்று அந்த வாயிலை அகலத் திறந்து வைக்கும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது.

பச்சையப்ப முதலியாரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1794ஆம் ஆண்டு மறைந்த அவர், தம் செல்வத்தைக் கோயில் தருமங்களுக்கென்று உயில் எழுதி வைத்தார். அந்தத் தருமங்கள் நெடுங்காலம் வழக்கில் சிக்கின. பின்னர் நீதிமன்றத்தின் வழியே மீட்கப்பட்டபோது, கோயில் கட்டளைகளுக்குப் போக எஞ்சிய நிதி கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842இல் சென்னையில் பச்சையப்பர் பள்ளி தோன்றியது. கோயிலுக்கென ஒருவர் எழுதி வைத்த பணம், அவர் முகமறியாத ஏழை மாணவர்கள் பல தலைமுறைகளாகக் கற்பதற்கு வழி செய்திருக்கிறது.

குற்றாலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அருவிக்கு விரைகிற அன்பர்களில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். குற்றாலநாதர் கோயிலில் பராசக்தி வீற்றிருக்கும் சந்நிதி தரணி பீடம் என்று போற்றப்படுகிறது. அந்த அன்னையின் பெயர் தாங்கிய ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியை 1964ஆம் ஆண்டு தொடங்கியது குற்றாலநாதர் தேவஸ்தானமேயாகும். பெண்ணைத் தொலைதூர ஊருக்கு அனுப்பிப் படிக்க வைக்கத் தயங்கிய அக்காலத்தில், சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் பட்டம் பெற அக்கல்லூரி வழி வகுத்தது. சுவாமிக்கு நாம் சமர்ப்பித்தது ஊர்ப் பெண்களுக்குக் கல்வியாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஆய்க்குடியில் நிகழ்ந்தது

தென்காசியை அடுத்த ஆய்க்குடி, பாலசுப்பிரமணிய சுவாமி குடிகொண்ட ஊர். அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் பயின்று வந்த இளைஞர். 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிப் பணிக்கான தேர்வின்போது கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. எழுந்து உட்காரவும் பிறர் துணை வேண்டியிருந்த நிலையில், 1981ஆம் ஆண்டு, தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அவர் ‘அமர் சேவா சங்கம்’ தொடங்கினார். ஓலைக் கூரையின்கீழ் ஐந்து குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதாக அப்பணி ஆரம்பித்தது.

பின்னாளில், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தபடியே பட்டயக் கணக்காளராக உயர்ந்த எஸ். சங்கரராமன் அவருடன் இணைந்தார். இன்று மருத்துவப் பயிற்சி, தொழிற்பயிற்சி, விடுதி, பள்ளி என அச்சங்கம் விரிந்திருக்கிறது. அதன் சிவசரஸ்வதி வித்யாலயாவில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் சுற்றுப்புறக் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கின்றனர். ராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும் பின்னால் இருப்பவர்கள் உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் வாழும் நன்கொடையாளர்கள். வீட்டுத் திண்ணையோடு நின்றுபோயிருக்கக் கூடிய பிள்ளைகளைப் பள்ளி வாசலுக்குக் கொண்டு வந்து சேர்த்தது, ஒருவருடைய மனவுறுதியும் பலருடைய தொடர்ந்த கொடையுமே.

யாருக்கு, எப்போது உதவி தேவை?

தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளை சேர்வதற்கு இன்று சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்துவன நீங்கலான தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். அவ்வாறு சேரும் குழந்தைக்கு 8ஆம் வகுப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசு பள்ளிக்குத் தருகிறது. ஆனால் 9ஆம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பத்தாண்டுகள் ஒரே பள்ளியில் பயின்ற பிள்ளை, பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் முழுக் கட்டணத்தையும் எதிர்கொள்கிறது. நன்கொடை பெரிதும் பயன்படும் இடங்களுள் இது முதலாவது.

இரண்டாவது, குடும்பத் தலைவர் திடீரென மறைந்தோ நோயுற்றோ போகும் வீடு. அங்கே பிள்ளையின் படிப்பு நடுவழியில் நிற்கிறது. மூன்றாவது, சாய்தளம், தனிப்பயிற்சி, உடன் இருந்து உதவும் ஆள் முதலிய வசதிகள் உள்ள பள்ளியில்தான் படிக்க முடியும் என்ற நிலையிலுள்ள மாற்றுத்திறன் குழந்தை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் கண்டதும், “இவனைப் பெரிய பள்ளியில் சேர்ப்போம்” என்று தோன்றுவது இயல்பு. அந்த அன்பே அப்பிள்ளைக்கு இழப்பாக முடியலாம். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. மறுஆண்டில் அது பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலும் படித்தவர்களுக்கு உரியவை. 8ஆம் வகுப்பில் தேசியத் திறனறித் தேர்வில் வென்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். இதையும் சுயநிதிப் பள்ளி மாணவர் பெற முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கோ 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு.

ஆகவே பள்ளி மாற்றுவதற்கு முன் பெற்றோரையும் தலைமையாசிரியரையும் அமர்த்திப் பேசுதல் வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணமே தேவை. சிலருக்கோ இருக்கும் அரசுப் பள்ளியிலேயே இருக்கச் செய்து, சைக்கிள், நூல்கள், மாலை நேரப் பயிற்சி, விடுதிச் செலவு ஆகியவற்றைத் தருவதே உண்மையான உதவி. நம் விருப்பத்துக்கு முன்னால் பிள்ளையின் நன்மை நிற்க வேண்டும்.

கொடுக்கும் முறை

பல ஊர்களில் நல்லெண்ணத்தோடு தொடங்கும் கல்வி உதவி மூன்றாம் ஆண்டில் நின்று விடுகிறது. முதலாண்டில் பத்துப் பிள்ளைகளுக்கு விழா எடுத்துக் கொடுக்கிறார்கள். மறுஆண்டில் வசூல் குறைகிறது. அதன்பின் கேட்பாரில்லை. கட்டணம் செலுத்த முடியாமல் நடுவில் பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளையின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். ஒன்றும் கொடுக்காதிருந்தால் நேராத அவமானம், பாதி கொடுத்து நிறுத்தியதால் நேர்கிறது. நான்கு பிள்ளைகளுக்கு ஓராண்டு உதவுவதைவிட, ஒரு பிள்ளையை 9 முதல் 12 வரை நான்கு ஆண்டுகள் கைவிடாமல் கொண்டு செலுத்துவது மேலானது.

இதற்கு முன்னோர் காட்டிய கட்டளை முறையே சிறந்தது. உறவினரும் நண்பருமாகச் சிலர் சேர்ந்து, பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றில் ரூ.5 லட்சம் வைப்பு நிதியாக இடுவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 7 சதவீதம் என்றால் ரூ.35,000 வரும். முதல் குறையாமல், ஒரு பிள்ளை முடித்ததும் அடுத்த பிள்ளை என்று அது நடந்துகொண்டே இருக்கும். அன்று நிலம் விட்டதும் இதே கணக்கில்தான். அவ்வளவு இயலாதவர்கள் நான்கு ஆண்டுக்குரிய தொகையை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கட்டணத்தைப் பள்ளியின் கணக்கிலேயே செலுத்தி ரசீது பெறுவது நன்று. சீருடை, வேன் கட்டணம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கல்விக் கட்டணம் கிடைத்தும் வேனுக்குப் பணமில்லாமல் நின்ற பிள்ளைகள் உண்டு. நன்கொடைச் சலுகைக்கென வருமான வரிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால், பழைய வரி முறையில் கணக்குக் காட்டுவோர்க்குச் சலுகை உண்டு. ரூ.2,000க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகத் தந்தால் அச்சலுகை கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ தருவதே முறை.

தேர்வில் மதிப்பெண் மட்டும் அளவுகோலாகக் கூடாது. வீட்டு வேலைகளைச் செய்துவிட்டு 70 மதிப்பெண் எடுக்கும் பெண்பிள்ளையின் முயற்சி, வசதியான வீட்டில் 95 எடுப்பதற்குக் குறைந்ததன்று. இன்னொன்றும் உண்டு. மேடையில் நிறுத்திப் புகைப்படம் எடுத்து, ‘உதவி பெறும் ஏழை மாணவன்’ என்று பெயர் வாசிப்பது அந்தப் பிஞ்சு மனத்தைச் சுடும். உபயதாரர் பெயர் கோயில் சுவரில் இருக்கலாம். பெற்றுக்கொண்ட பிள்ளையின் பெயரை எந்தப் பலகையிலும் எழுத வேண்டாம்.

பாண்டியன் பணிந்த திருவடி

தென்காசிக் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு விண்ணப்பத்தைக் கல்லில் பொறித்துச் சென்றான். இவ்வாலயத்தில் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைத் திருத்திக் காப்பவர் யாராயிருந்தாலும் அவர்தம் திருவடிகளில் தான் பணிவதாக அவன் அதில் கூறுகிறான். கட்டி முடித்த மன்னன், பின்வரும் முகமறியாத ஒருவரை வணங்குகிறான். அவன் கட்டிய ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றதும், பிற்காலத்தில் அன்பர்களின் பொருளாலும் உழைப்பாலும் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டதும் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

கல்வித் தருமத்திலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. வேறொருவர் தொடங்கி நின்றுபோன உதவித்தொகை உங்கள் ஊரில் இருக்கக் கூடும். புதிதாகப் பெயர் சூட்டித் தொடங்குவதற்கு முன் அதைத் தேடிப் பிடித்து உயிர்ப்பிக்கலாம். மணிவிழா, சதாபிஷேகம், பெற்றோரின் திதி ஆகிய நாட்களில் அன்னதானத்துக்கு ஒதுக்கும் தொகையோடு ஒரு பங்கைக் கல்விக் கட்டளைக்கும் எடுத்து வைக்கலாம். நமக்குப் பின் அதை யார் நடத்துவது என்பதைப் பிள்ளைகளோடும் பேரப் பிள்ளைகளோடும் இப்போதே பேசி, எழுத்திலும் வைத்துவிட வேண்டும்.

அடுத்த சாரல் காலத்தில் குற்றாலம் வரும் அன்பர்கள், தரிசனம் முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரைச் சந்தித்து, “இந்த ஆண்டு கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் பிள்ளை யார்?” என்று கேளுங்கள். அவருக்கு அந்தப் பெயர் தெரியும்.