ஒட்டுண்ணி அலைவை அடக்கும் மின்தடை

அமெச்சூர் வானொலியில் 1.8 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குவதற்காக அமைக்கப்படும் வால்வுப் பெருக்கி, சில வேளைகளில் 100 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே, உள்ளீடு எதுவும் இன்றித் தானாகவே ஓர் அலையைப் பிறப்பிக்கத் தொடங்கிவிடுவதுண்டு. ஒட்டுண்ணி அலைவு எனப்படும் இதற்குரிய சுருளோ மின்தேக்கியோ சுற்றுப்படத்தில் இராது; வால்வுக்குள் ஆனோடுக்கும் கிரிட்டுக்கும் இடையே இயல்பாக அமையும் சில பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறனும், ஆனோடின் இணைப்புப் பட்டைக்குள்ள சிறு மின்தூண்டமும் கூடி ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாகிவிடுவதே இதன் மூலம்.

இதனை அடக்க, 3-500இசட் போன்ற வால்வுகளின் ஆனோடு இணைப்பில், இரண்டு மூன்று சுற்றே கொண்ட ஒரு கம்பிச்சுருளும் 50 முதல் 100 ஓம் வரையிலான ஒரு மின்தடையும் பக்க இணைப்பில் வைக்கப்படுகின்றன. மாறுமின்னோட்டத்தைச் சுருள் எதிர்க்கும் அளவான மின்மறுப்பு, அதிர்வெண்ணோடு சேர்ந்து உயர்வது: 0.1 மைக்ரோஹென்றிச் சுருள் 14 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 9 ஓம் மட்டுமே காட்டுவதால் பயனுள்ள மின்னோட்டம் அதன் வழியே எளிதில் செல்ல, 150 மெகாஹெர்ட்ஸில் அது 94 ஓமாக உயர்ந்து, வேண்டாத அலைவின் பெரும்பகுதியை மின்தடையின் பக்கம் தள்ள, அங்கே அது வெப்பமாகி அழிகிறது.

ஆகவே அம்மின்தடை தானே ஒரு சுருளாக இருந்துவிடலாகாது. கம்பி சுற்றிய மின்தடை வாட் கணக்கில் எவ்வளவு வலிமையானதாயினும், அதன் மின்தூண்டம் ஒரு மைக்ரோஹென்றி இருந்தாலே 150 மெகாஹெர்ட்ஸில் 900 ஓமுக்கு மேற்பட்ட மின்மறுப்பு எழுந்து வழியை அடைத்துவிடும். எதிரெதிர்த் திசைகளில் இரு கம்பிகளைச் சுற்றும் அயர்ட்டன்-பெர்ரி முறை இக்குறையைப் பெரிதும் தணித்தாலும் முற்றிலும் நீக்குவதில்லை. கரித்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த பழைய மின்தடைகளில் மின்னோட்டம் திண்மம் முழுவதும் நேராகப் பாய்வதால் அவையே நெடுங்காலம் விரும்பப்பட்டன. இன்று பீங்கானோடு கலந்து சுட்ட கரித் திண்மங்களும், மதிப்பு குறைந்த உலோக ஆக்சைடுப் படல வகைகளும் அவ்விடத்தைப் பெறுகின்றன. வெப்பத்தகட்டில் பொருத்தும் தட்டைப் படல மின்தடைகள் மின்தூண்டம் குறைந்தவையே எனினும், சுமார் 3,000 வோல்ட் நிற்கும் ஆனோடில் தகட்டைப் பொருத்துவது தொல்லையானது. இரண்டு 100 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைப்பதே மேலான வழி. 50 ஓம் கிடைப்பதோடு, தாங்குதிறன் இரட்டித்து மின்தூண்டமும் ஏறக்குறைய பாதியாகிறது. இணைப்புக் கம்பியை நீளமாக விட்டால் இந்த ஆதாயம் கரைந்துபோகும்.

வெப்பச் சுமை 28 மெகாஹெர்ட்ஸில்தான் மிகுதி: மேற்சொன்ன சுருளோடு ஓர் ஆம்பியர் பாயும்போது 50 ஓம் மின்தடை ஐந்து வாட்டுக்கு மேல் ஏற்க நேரிடும். கரி வகைகள் இவ்வாறு சூடேறிச் சூடேறி மதிப்பு மாறக்கூடியவை என்பதால், மின்சாரத்தைத் துண்டித்து உயர் மின்னழுத்த மின்தேக்கிகளை முற்றிலும் வெறுமையாக்கிய பின், மின்தடையின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் பக்கத்துச் சுருளின் வழியே ஓம்மானி ஏறத்தாழ சுழியையே காட்டும்.