காட்டுவழியில் கம்பியில்லாக் கருவி

நுழையும்முன்

இடர் நேரும் பொழுதில் உதவிக்கு வருவது ஒரு குரல். அக்குரல் உரிய இடத்தைச் சென்றடையச் சிறந்த கருவி இருந்தால் மட்டும் போதாது. அக்கருவி ஊர்தியில் உறுதியாகப் பொருத்தப்பட்டும் இருத்தல் வேண்டும். அதற்கான அறிவியலை இக்கட்டுரை விளக்குகிறது.

மேற்குத்தொடர்ச்சி மலையில் அமைந்த முதுமலை, ஆனைமலை புலிகள் காப்பகங்களில் கைப்பேசி அலைகள் எட்டாத பகுதிகள் உண்டு. கோடையில் காட்டுத்தீ பரவும்போதும், யானைகள் ஊருக்குள் இறங்கும்போதும், களப்பணியாளர் காயமுறும்போதும் வனத்துறையினருக்குக் கைகொடுப்பது இருவழி வானொலியே. மக்கள் இதனை ‘வயர்லெஸ்’ என்பர். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விடுத்தால் கேட்கலாம். கையடக்கக் கருவி பொதுவாக 5 வாட் ஆற்றலில் இயங்கும். ஊர்தியில் பொருத்தப்படுவதோ 25 வாட் அளவிலும் இயங்கவல்லது. ஆதலின் அதன் குரல் நெடுந்தொலைவு செல்லும்.

அதிர்வும் விசையும்

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர் ஆகும். அவ்வேகத்தில் செல்லும் ஜீப் பாறையில் மோதி 0.1 நொடியில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்போது 1.5 கிலோகிராம் நிறையுள்ள கருவியை அதன் இடத்திலேயே நிறுத்திவைக்க 150 நியூட்டன் விசை தேவை. இது ஏறத்தாழ 15 கிலோகிராம் பொருளைத் தூக்கிப்பிடிக்கும் விசைக்கு நிகரானது. ஒட்டுநாடா இவ்விசையைத் தாங்காது. பிடிப்பை இழந்த கருவி, ஊர்தியில் இருப்போரைத் தாக்கும் எறிபொருளாகிவிடும்.

எனவே கருவியை எஃகுத் தாங்கியில் அமர்த்தி, ஊர்தியின் உலோகச் சட்டத்தோடு போல்ட்டால் இணைக்க வேண்டும். மேடுபள்ளங்களின் இடைவிடாத அதிர்வு நட்டுகளைச் சிறிதுசிறிதாகத் தளர்த்தும். அதனைத் தடுக்க வில்வாஷரோ நைலான் பூட்டு நட்டோ இடுவர். ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்னும் பழமொழி இங்கும் பொருந்தும்.

இடத்தைத் தேர்தல்

ஓட்டுநர் சாலையிலிருந்து பார்வையை விலக்காமல் கையெட்டும் தொலைவில் கருவி இருத்தல் நன்று. காற்றுப்பை விரியும் இடத்திலும், முழங்கால் இடிக்கும் இடத்திலும் அதனைப் பொருத்தலாகாது. பேசும்போது கருவி சூடேறுவதால் அதன் பின்புறம் காற்றோட்டம் வேண்டும். ஒலிவாங்கிக்குத் தனிக் கொக்கி அமைத்தல் வேண்டும். இல்லையேல் அது கீழே விழுந்து மிதிகட்டைகளில் சிக்கக்கூடும்.

மின்னிணைப்பும் ஆன்டெனாவும்

கேட்கும்போதைவிடப் பேசும்போது கருவி பன்மடங்கு மின்னோட்டத்தை ஈர்க்கிறது. எனவே போதிய தடிமனுள்ள கம்பியைப் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொண்டுவருவர். உருகியைப் பேட்டரிக்கு மிக அருகில் அமைப்பது விதி. கம்பியின் உறை தேய்ந்து உலோக உடலைத் தொடுமானால், உருகி உருகித் தீவிபத்தைத் தடுக்கும். உலோகத் துளைகளின் வழியே செல்லும் கம்பிக்கு இரப்பர் வளையம் காப்பாகும்.

150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கான 50 சென்டிமீட்டர் அளவில் ஆன்டெனா அமைகிறது. உலோகக் கூரையின் நடுவே நிறுத்தினால், அலைகள் எல்லாத் திசைகளிலும் ஏறக்குறையச் சமமாகப் பரவும். கிளைகள் உரசினும் முறியாதிருக்க அதன் அடியில் சுருள்வில் பொருத்துவர். ஆன்டெனாவை இணைக்காமல் பேச முயன்றால், வெளியேற வழியற்ற ஆற்றல் திரும்பிவந்து கருவியைப் பழுதாக்கக்கூடும்.

பொறுப்பும் பராமரிப்பும்

இக்கருவியைப் பயன்படுத்த அரசின் உரிமம் பெறுதல் வேண்டும். ஒவ்வொரு பயணத்திற்கு முன்னும் நட்டுகளை இறுக்கிப் பார்த்து, நிலையத்தோடு ஒருமுறை பேசிச் சோதிப்பது நற்பழக்கம். அதற்குச் செலவாகும் சில மணித்துளிகளே, தீச்சூழ்ந்த காட்டில் ஓர் உயிர் மீள்வதற்குக் காரணமாகலாம்.